விடியல் யாரைத் தேடி வருகிறது?

காரைக்குடியில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் பாதி வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடப்பவை. காலைத் திருப்பலி முடிந்து நான் வீடு திரும்பும் நேரத்தில் கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருக்கும். பூட்டாத வீடுகளுள் ஒன்றில் எண்பது வயதைக் கடந்த ஆச்சி ஒருவர் தனியே வாழ்கிறார். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீண்டு அடுத்த தெருவில் போய் முடிகிற வீடு அது. அத்தனை பெரிய வீட்டில் அவர் புழங்குவது ஓர் அறையும் அடுப்படியும் மட்டுமே. பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கிறார்கள். பணம் தவறாமல் வருகிறது. தொலைபேசியில் குரலும் வருகிறது. ஆச்சி வாசல் தெளித்து, சிறியதாக ஒரு கோலம் இட்டுவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பார். “நல்லா இருக்கீகளா ஆச்சி?” என்று நான் கேட்பேன். “இருக்கேன் தம்பி” என்பார் அவர். ஆண்டுக்கணக்காக எங்களுக்குள் இருந்த பழக்கம் இவ்வளவுதான்.

ஒரு மார்கழிக் காலையில் அவர் என்னை நிறுத்தினார்.

“கோயிலுக்குப் போயிட்டு வர்றீகளா தம்பி?”

“ஆமா ஆச்சி.”

“ஒன்னு கேக்கணும். ஊரு உலகத்துக்கெல்லாம் விடியுது, சரி. எனக்கு எதுக்குத் தம்பி இன்னும் விடியுது?”

“எல்லாம் கடவுள் சித்தம் ஆச்சி” என்று சொல்லிவிட்டு நடந்தேன். அது பதிலன்று, விடைபெறுவதற்கு நான் கண்டுபிடித்த வழி. கேள்வியோ என் பின்னாலேயே வீடுவரை வந்தது. புத்தகங்களோடு பழகியவர்கள் இத்தகைய வேளைகளில் செய்வதையே நானும் செய்தேன். அந்த மனிதரிடம் திரும்பிச் செல்லாமல் சொல்லிடம் சென்றேன். விடியல் என்றால் என்ன? உயிர்ப்பின் விடியலை நற்செய்தியாளர்கள் எந்தச் சொல்லால் குறித்தார்கள்? அவர்கள் எழுதியது கிரேக்கத்தில். எனவே கிரேக்க மொழியில் விடியலுக்கு வழங்கிய பழஞ்சொல்லிலிருந்து என் தேடல் தொடங்கியது.

ஒரு சொல்லின் பிறந்தகம்

ஹோமரின் காப்பியங்களில் விடியலின் பெயர் ‘ஏயோஸ்’. ஏதென்சு நகரத்தார் அதையே ‘ஹெயோஸ்’ என்றனர். விடியற்பொழுதுக்கும் அப்பொழுதை ஆளும் பெண் தெய்வத்துக்கும் அது ஒருங்கே பெயராக இருந்தது. செந்நிற விரல்களும் காவி நிற ஆடையும் உடையவளாகக் கவிஞர்கள் அவளைக் கண்டார்கள். நாள்தோறும் கடலிலிருந்து எழுந்து, தேரேறி வந்து, தேவர்க்கும் மாந்தர்க்கும் ஒளி தருபவள் அவள்.

இச்சொல்லுக்கு உடன்பிறப்புகள் பல உண்டு. இலத்தீனில் விடியலைக் குறிக்கும் ‘அவுரோரா’ அவற்றுள் ஒன்று. பால்டிக் கடலோரத்து இலித்துவானிய மொழியின் ‘அவுஷ்ரா’ மற்றொன்று. வேத மொழியில் விடியலின் தேவியாகிய ‘உஷஸ்’ இன்னொன்று. இவை யாவும் எழுதப்படாத ஒரு பழைய தாய்ச்சொல்லின் மக்கள் என்றும், அத்தாய்ச்சொல்லின் வேர்ப்பொருள் ‘ஒளிர்தல்’ என்றும் மொழிநூலார் நிறுவியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் கிழக்கைக் குறிக்கும் ‘ஈஸ்ட்’ என்ற சொல்லும் இந்தக் குடும்பத்ததே. அது விடியல் தோன்றும் திசை.

கிறித்தவர்களாகிய நமக்கு இன்னும் நெருங்கிய உறவு ஒன்றும் இதில் உண்டு. நம் உயிர்ப்புப் பெருவிழாவை ஆங்கிலேயர் ‘ஈஸ்டர்’ என்பர். பழைய ஆங்கிலேயர் வழிபட்ட ஒரு பெண் தெய்வத்தின் பெயரால் வழங்கிய மாதத்திலிருந்து அப்பெயர் வந்தது என்று 8-ஆம் நூற்றாண்டில் புனித பீடு எழுதி வைத்தார். அத்தெய்வத்தின் பெயரும் விடியலைக் குறிக்கும் இதே வேரினதென்பர் மொழிநூலார். அவ்வாறாயின் ஈஸ்டரும் ஏயோசும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள். மற்றபடி திருச்சபையின் பழைய மொழிகளுள் பெரும்பாலானவை இவ்விழாவைப் பாஸ்கா என்றே அழைக்கின்றன. அது கடத்தலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது.

இந்த உறவுகளை முதலில் கண்டவர்களுள் ஒருவர் நம் மண்ணில் வாழ்ந்த இயேசு சபைத் துறவி. புதுச்சேரியில் பணியாற்றி 1779-இல் அங்கேயே மறைந்த அருட்தந்தை கேர்து, 1767-இல் பாரிசுக் கல்விக் கழகத்துக்கு ஒரு கேள்வியை எழுதியனுப்பினார். வடமொழியில் கிரேக்கத்தோடும் இலத்தீனோடும் ஒத்த சொற்கள் இத்தனை இருப்பது எப்படி என்பதே அது. வாணிபத்தால் வந்தனவா, படையெடுப்பால் வந்தனவா, சமயத்தால் வந்தனவா என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து, இவை போதா, ஒரு பொதுவான பிறப்பே காரணம் என்ற முடிவுக்கு வந்தார். பாபேல் கோபுரத்தில் மொழிகள் சிதறிய நிகழ்ச்சியோடு இணைத்தே அவர் அதை விளங்கிக்கொண்டார். அவருடைய எழுத்து அச்சேறியது 1808-இல். அதற்குள் 1786-இல் கல்கத்தாவில் இதே கருத்தை உரைத்த வில்லியம் ஜோன்சின் பெயர் உலகெங்கும் பரவிவிட்டது.

தமிழின் கதை வேறு. தமிழும் அதன் உறவு மொழிகளும் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்பதை 1816-இல் சென்னையில் எல்லிசு எடுத்துக்காட்டினார். அவர் 1819-இல் இராமநாதபுரத்தில் இறந்தார். 1856-இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கண நூல் அதை உறுதி செய்தது. எனவே ஏயோஸ் என்ற சொல்லுக்கும் நம் விடியலுக்கும் இரத்த உறவு இல்லை. அழகன்குளத்தில் அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் நாட்டு மட்கலங்களும் உரோமானியக் காசுகளும் கிடைத்தன. இந்தக் கரையில் இறங்கிய யவன மாலுமி எவனேனும் கீழ்வானத்தைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கலாம். அது தமிழில் தங்கவில்லை. தங்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மிளகுக்கும் முத்துக்கும் வழங்கிய பெயர்கள் சரக்கோடு கப்பலேறிப் போகும். விடியலுக்கான பெயரை எந்த மக்களும் அயலாரிடம் கடன் கேட்டு நிற்பதில்லை.

ஆயினும் வடமொழி வழியாக ஓர் உறவு வந்து சேர்ந்தது. திருக்கோயில்களின் அதிகாலை வழிபாட்டுக்கு உஷத்காலப் பூசை என்று பெயர். ஆச்சியின் வாயில் அது ‘உஷக்காலம்’. ஏயோசின் உடன்பிறந்தாளைத் தாம் நாளும் பெயர் சொல்லி அழைப்பதை ஆச்சி அறியார். அறிந்தால் மட்டும் அவர் கேள்விக்கு விடை கிடைத்துவிடுமா?

பிறப்பு பொருளைச் சொல்லுமா?

ஒரு சொல்லின் தொடக்கத்தைக் கண்டுவிட்டால் அதன் உண்மையைக் கண்டுவிட்டோம் என்ற எண்ணம் பழமையானது. சொற்பிறப்பியலுக்குக் கிரேக்கர் வைத்த பெயரிலேயே ‘உண்மை’ என்னும் பொருள் அடங்கியிருக்கிறது. பெயர்கள் இயற்கையாக அமைந்தனவா, மாந்தர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டால் அமைந்தனவா என்ற கேள்வியைப் பிளேட்டோ ‘கிராத்திலுஸ்’ என்னும் உரையாடலில் எழுப்பினார். சாக்ரடீசு ஏராளமான சொற்களைப் பிரித்துப் பிரித்து வேர் காட்டுகிறார். முடிவில், பெயர்களிடம் கற்பதைவிடப் பொருள்களிடமே கற்பது மேல் என்கிறார். நம் தொல்காப்பியரும் இதில் எச்சரிக்கையாகவே நின்றார். சொற்கள் எல்லாம் பொருள் குறித்தன என்று கூறிய அவர், ஒரு சொல்லுக்கு அப்பொருள் அமைந்த காரணம் வெளிப்படையாகத் தோன்றாது என்றும் கூறினார்.

இந்த எச்சரிக்கை நமக்குத் தேவை. ஒலி சற்று ஒத்தால் போதும், உலகத்துச் சொற்களையெல்லாம் தமிழிலிருந்து பிறப்பித்துவிடும் ஆர்வம் நம்மிடையே உண்டு. தமிழுக்கு அந்தப் பொய்ப் பெருமை வேண்டியதில்லை. வேறு வேறு வீடுகளில் பிறந்த இரு சொற்கள் ஒரே பொருளில் வந்து கைகோக்குமாயின், அது இரத்த உறவைவிட வியப்புக்குரியது. அப்படி ஒன்றைப் பின்னர்க் காண்போம்.

ஏயோசின் வேர் ‘ஒளிர்தல்’ என்கிறது. அது உண்மைதான், ஆனால் போதாத உண்மை. ஒளிர்வது மட்டுமே விடியல் என்றால் ஆச்சியின் வளவில் நாள்தோறும் அது குறைவின்றி நிகழ்கிறது. திறந்த முற்றத்தின் வழியே வெயில் இறங்குகிறது. தேக்குத் தூண்கள் மின்னுகின்றன. ஆத்தங்குடித் தரை பளபளக்கிறது. அந்த ஒளியின் நடுவில் அமர்ந்துகொண்டுதான் அவர் ‘எனக்கு எதுக்கு விடியுது?’ என்று கேட்டார்.

ஒளி தந்தவள் சாத்திய கதவு

கிரேக்கரும் இந்தப் போதாமையை உணர்ந்திருந்தார்கள் போலும். ஏயோசைப் பற்றி அவர்கள் சொல்லிவந்த கதை ஒன்று, ஹோமரின் பெயரால் வழங்கும் பழைய துதிப்பாடல்களுள் ஒன்றில் இடம்பெற்றுள்ளது.

திராய் நகர அரசகுலத்தில் பிறந்த தித்தோனொஸ் என்ற அழகிய இளைஞனை ஏயோஸ் விரும்பித் தன் இருப்பிடத்துக்கு அழைத்துச் சென்றாள். அவன் என்றும் சாகாதிருக்க வரம் தருமாறு தேவர்களின் அரசனிடம் கேட்டாள். வரம் கிடைத்தது. அவனுக்குச் சாவு மட்டும் நீங்கினால் போதாது, மூப்பும் நீங்க வேண்டும் என்று கேட்க அவள் மறந்துவிட்டாள். முதல் நரை தோன்றியதும் அவள் அவனை விட்டு விலகினாள். ஆனாலும் அவனைக் கைவிட்டுவிடவில்லை. தன் வீட்டிலேயே வைத்து, தேவர்களின் உணவும் அழகிய ஆடைகளும் தந்து பேணினாள். மூப்பு முற்றி அவனால் கைகால் அசைக்க முடியாமற்போனபோது ஓர் அறையில் அவனைக் கிடத்தி, ஒளிரும் கதவுகளைச் சாத்தினாள். உள்ளிருந்து அவன் குரல் மட்டும் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. அவன் பின்னர்ச் சிள்வண்டாகிவிட்டான் என்று பிற்காலத்தார் கதையை முடித்தார்கள்.

வரம் கேட்கத் தெரியாமல் கேட்டவளின் கதை என்றே நான் இதை முன்பு படித்திருந்தேன். இம்முறை என் கண் அந்தக் கதவில் நின்றுவிட்டது. உலகுக்கெல்லாம் நாள்தோறும் விடியலைக் கொண்டு செல்பவள் தன் வீட்டு முதியவனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிறாள். அவள் கொடியவள் அல்லள். உணவில் குறை வைக்கவில்லை. உடையிலும் குறை வைக்கவில்லை. அவளுக்குப் பணி இருந்தது. வானம் முழுவதும் அவளுக்காகக் காத்திருந்தது. அவள் தராதது ஒன்றே ஒன்று: அந்த அறைக்குள் தான் வந்து நிற்பது.

இதைச் சொல்லும்போது வெளிநாடுகளில் உழைக்கும் பிள்ளைகளின்மேல் நான் குற்றம் சுமத்தவில்லை. பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் தொழிலுக்குப் போனவர்கள் எழுப்பிய ஊர்கள் இவை. பிரிவு இந்த மண்ணுக்குப் புதியதன்று. அன்று ஆடவர் கடல் கடந்தபோது வளவு நிறையப் பெண்களும் குழந்தைகளும் உறவினரும் இருந்தார்கள். இன்று குடும்பமே இடம்பெயர்கிறது. நாட்டரசன்கோட்டையிலோ கானாடுகாத்தானிலோ மட்டும் நிகழ்வதன்று இது. நம் பங்குகளில், நம் அன்பியங்களில், வளைகுடா நாட்டுக்கும் ஐரோப்பாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் பெற்றோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் போதும். சாத்திய கதவுகள் எல்லாச் சமயத்தார் வீடுகளிலும் இருக்கின்றன.

வாயிலில் நிற்கும் பொழுது

நம் தமிழ் விடியலை எப்படிக் கண்டது? இருள் தங்கியிருப்பது அறுகின்ற வேளையை வைகறை என்றது. இரவு கழிந்து வெளியே வருவதை விடியல் என்றது. ‘விடிவு’ என்ற சொல் நமக்குப் பொழுதை மட்டும் குறிப்பதன்று. துன்பத்திலிருந்து வெளியேறும் வழியையும் குறிப்பது. ‘இதற்கு ஒரு விடிவு உண்டா?’ என்று கேட்கிறோம். ‘விடிமோட்சமே இல்லை’ என்று சலித்துக்கொள்கிறோம். விடியலில் தமிழன் முதலில் காண்பது ஒளியையன்று. ஒன்று விடுபடுவதையே காண்கிறான்.

தொல்காப்பியம் வைகறை விடியலை மருதத் திணைக்கு உரிய பொழுதாக்கியது. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். பரத்தையோடு இரவைக் கழித்த தலைவன் விடியற்காலையில் தன் இல்லத்துக்குத் திரும்பி வாயிலில் நிற்கிறான். தலைவி உள்ளே இருக்கிறாள். கதவு திறக்குமா? அவன் சார்பில் பேச வருபவர்களுக்கு அக இலக்கணம் வைத்த பெயரே ‘வாயில்கள்’ என்பதுதான். தலைவி அவர்களை ஏற்க மறுப்பது ‘வாயில் மறுத்தல்’. இருளில் செய்த தவறு வெளிச்சத்தில் வந்து நின்று மன்னிப்புக் கேட்கும் பொழுதாகவே நம் முன்னோர் விடியலைக் கண்டார்கள். வானத்தில் நிகழ்வதைவிட வாயிலில் நிகழ்வதே அவர்களுக்கு விடியலாகப் பட்டது.

திருவிவிலியத்தை அறிந்தோர்க்கு இங்கே பேதுருவின் நினைவு வராமல் போகாது. சேவல் கூவிய வேளையில் தம் மறுதலிப்பை உணர்ந்து அவர் மனங்கசந்து அழுதார். திபேரியாக் கடற்கரையில் பொழுது புலரும்போது உயிர்த்த ஆண்டவர் நிற்கிறார். கரியில் தீ மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, உண்ண அழைக்கிறார். உணவுக்குப் பின் மும்முறை அன்பைப் பற்றிக் கேட்கிறார். ஒரு வைகறையில் அறுந்த உறவு இன்னொரு வைகறையில் கட்டப்படுகிறது. தவறு செய்தவன் வாயிலில் வந்து நிற்பதுதான் மருதத்தின் வழக்கம். இங்கோ தவறிழைக்கப்பட்டவரே கரையில் வந்து காத்து நிற்கிறார்.

நற்செய்தி தேர்ந்த சொற்கள்

ஏயோஸ் என்ற அந்த ஒளிமிக்க பழஞ்சொல், விடியலின் பெயராகப் புதிய ஏற்பாட்டில் ஓரிடத்திலும் வரவில்லை. உயிர்ப்பின் காலையைச் சொல்லவேண்டிய இடத்தில் யோவானும் மாற்கும் ‘வேளையோடு’ என்று பொருள்படும் எளிய சொல்லைப் பயன்படுத்தினார்கள். நம் பக்கத்துப் பேச்சில் ‘வெள்ளன’ என்போமே, அத்தகைய சொல் அது. லூக்கா ‘ஓர்த்ரோஸ்’ என்ற சொல்லை ஆண்டார். அது விடிவதற்கு முந்திய கருக்கலைக் குறிப்பது. கீழைத் திருச்சபையின் கிரேக்க மரபில் காலை மன்றாட்டுக்கு இன்றும் அதுவே பெயர். அந்தக் கருக்கலில் பெண்கள் நறுமணப் பொருள்களோடு கல்லறைக்கு நடக்கிறார்கள். வானத்தை வியந்து பார்க்க அவர்கள் எழவில்லை. இறந்துபோன ஒருவருக்குச் செய்யவேண்டிய கடன் ஒன்று மீதமிருந்ததால் எழுந்தார்கள். கல்லை யார் புரட்டுவார் என்ற கவலையோடு நடந்தார்கள். அவர்களுடைய விடியலும் சாத்தப்பட்ட ஒரு வாயிலை நோக்கியதாகவே இருந்தது.

விடியலை நேராகச் சொல்லவேண்டிய ஓரிடத்தில் லூக்கா வேறொரு சொல்லைத் தேர்ந்தார். அது ‘அனத்தொலே’. திருமுழுக்கு யோவானின் தந்தை செக்கரியா பாடிய புகழ்ப்பாடலின் இறுதிப் பகுதியில், உயரத்திலிருந்து வரும் விடியல் என்னும் பொருளில் அது வருகிறது. திருச்சபை நாள்தோறும் காலைப் புகழில் பாடிவரும் பாடல் அது. அனத்தொலேயின் நேர்ப்பொருள் ‘மேலெழுதல்’. ஞாயிறு எழுவதும் அனத்தொலே. செடி முளைத்தெழுவதும் அனத்தொலே. எபிரேய மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்த எழுபதின்மர், எரேமியாவும் இறைவாக்கினர் செக்கரியாவும் வரவிருக்கும் மீட்பரைத் ‘தளிர்’ என்று குறித்த இடங்களில் இச்சொல்லையே இட்டார்கள்.

முன்னர்ச் சொன்ன வியப்பு இங்கேதான் இருக்கிறது. தளிரும் விடியலும் ஒரே சொல்லில் அடங்குவது ஐரோப்பியருக்கு விளக்கம் தேவைப்படும் செய்தி. தமிழருக்கு விளக்கமே தேவையில்லை. ஞாயிற்றின் ஒளிக்கற்றையும் கதிர்தான். நெல்லின் விளைச்சலும் கதிர்தான். விதை முளைக்கிறது, வெள்ளியும் முளைக்கிறது. அனத்தொலேக்கும் கதிருக்கும் பிறப்பால் யாதோர் உறவும் இல்லை. வயலில் நின்று கிழக்கே பார்த்த மனிதர்கள் இரு நாடுகளிலும் ஒன்றையே கண்டார்கள் என்பதே அவற்றின் உறவு.

அப்பாடலைப் பாடியவர் யார் என்பதும் எண்ணத்தக்கது. செக்கரியா முதியவர். பிள்ளையில்லாத வீட்டில் மனைவியோடு மூத்துப்போனவர். நற்செய்தியை நம்பத் தயங்கியதால் பேச்சிழந்து மாதக்கணக்கில் ஊமையாக இருந்தவர். தித்தோனொஸ் என்ற கிழவனுக்குக் குரல் மட்டும் எஞ்சியது. அதைக் கேட்பார் இல்லை. செக்கரியா என்ற கிழவருக்குக் குரலே போயிற்று. அது திரும்பி வந்தபோது அக்கம்பக்கத்தாரும் உறவினரும் வீடு நிறையக் கூடியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் அவர் விடியலைப் பாடினார்.

அந்த விடியல் என்ன செய்யும் என்று பாடினார்? இங்கேதான் என் தேடல் முடிந்தது. ஒளிரும் என்று முதலில் சொல்லவில்லை. நம்மைச் ‘சந்திக்கும்’ என்றார். 1995-இல் வெளிவந்த நம் பொது மொழிபெயர்ப்பு ‘தேடி வருதல்’ என்ற அழகிய வினையை அவ்விடத்தில் ஆள்கிறது. கிரேக்கத்தில் அவ்வினை, ஒருவரை நேரில் சென்று பார்ப்பதைக் குறிப்பது. மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில், இறுதித் தீர்ப்பின்போது அரசர், நான் நோயுற்றிருந்தபோது என்னைப் பார்க்க வந்தீர்கள் என்று கூறும் இடத்திலும் அதே வினைதான். யாக்கோபு தம் திருமுகத்தின் முதல் அதிகாரத்தில், தூய்மையான சமய வாழ்வு எது என்று கேட்டு, துன்பத்தில் இருக்கும் அனாதைகளையும் கைம்பெண்களையும் கவனிப்பது என்று விடை தரும் இடத்திலும் அதே வினைதான். விடியல் நமக்குச் செய்வதும் நாம் பிறர்க்குச் செய்யவேண்டியதும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன.

ஏயோஸ் ஒளிர்ந்தாள், கதவைச் சாத்தினாள். அனத்தொலே கதவைத் தேடி வருகிறது. பழைய சொல்லுக்கும் நற்செய்தியின் சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டை நான் இவ்வாறே புரிந்துகொண்டேன். ஏயோசை இகழ இதைச் சொல்லவில்லை. ஒளியைப் பெண்ணாகக் கண்டு வியந்த அந்தப் பழைய உள்ளத்தில் இறைவனைத் தேடும் தாகமும் இருந்தது. ஆனால் கைவிடப்பட்ட முதியவனிடம் திரும்பி வரும் ஒருவரை அந்தக் கதையால் கற்பனை செய்ய இயலவில்லை.

மீதமிருக்கும் கேள்வி

இவ்வளவும் படித்து முடித்தபோது எனக்கு நாணம் வந்தது. விடியல் என்ற சொல்லைத் தேடி ஏதென்சு வரை சென்றேன். ஆச்சியின் திண்ணை என் வீட்டிலிருந்து சில அடித் தொலைவு. திருப்பலியில் நற்கருணை வாங்கிய உடனே அவரைக் கடந்து வந்தவன் நான். ‘எல்லாம் கடவுள் சித்தம்’ என்று சொன்னேனே, அதுவும் ஒரு கதவைச் சாத்தும் ஓசைதான்.

ஆச்சியின் கேள்விக்கு என்னிடம் விடை உண்டா? இல்லை. ஒருவருக்கு ஏன் இத்தனை நீண்ட ஆயுள், இன்னொருவருக்கு ஏன் இத்தனை குறுகிய ஆயுள் என்பதற்கு விளக்கம் சொல்ல எனக்குத் தெரியாது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தவரைக்கும் நல்ல நண்பர்களாக இருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். ‘எனக்கு எதற்கு விடிகிறது?’ என்பது காரணம் கேட்கும் கேள்விபோல் ஒலிக்கிறது. உண்மையில் அது, என் விடியலில் யாராவது இருக்கிறீர்களா என்ற அழைப்பு. காரணம் கேட்டவருக்குக் காரணம் சொல்லலாம். அழைத்தவருக்குச் செய்யக்கூடியது ஒன்றே: போவது.

மறுநாள் காலை நான் திண்ணையில் உட்கார்ந்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல் ஏயோசின் கதையைச் சொன்னேன். ஆச்சி கவனமாகக் கேட்டார். கதவைச் சாத்திய இடம் வந்ததும், “சாத்திட்டாளா?” என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்தார். “அவளுக்கும் என்ன வேலையோ, பாவம்” என்றார். கடல் கடந்திருக்கும் தம் மக்களை நினைத்துத்தான் அவர் அதைச் சொன்னார் என்று எனக்குத் தோன்றியது. நான் படித்த எந்த உரையாசிரியரும் ஏயோசுக்கு அந்த இரக்கத்தைக் காட்டியதில்லை.

இதை எழுதும் இந்நாள்வரை, வெளியூர் போகாத நாள்களில், கால்மணி நேரம் அங்கே உட்காருகிறேன். இதை ஓர் அறச்செயலாகச் சொல்லிக்கொள்ளத் தகுதியில்லை. மருத நிலத்துத் தலைவனைப்போல் நானும் காலந்தாழ்ந்து வாயிலுக்கு வந்தவன்தான். ஆச்சி அந்தக் கேள்வியை அடியோடு விட்டுவிடவில்லை. உடம்பு முடியாத நாள்களில் மீண்டும் கேட்கிறார். நானும் மீண்டும் விடை தெரியாமல் இருக்கிறேன். அன்பு வாசகரே, உங்கள் தெருவிலும் திறந்த வாசலோடு ஒருவர் இருப்பார். உங்கள் சொந்த வீட்டிலேயேகூட இருக்கலாம். நாளைக் காலை அவருக்கு விடிவதும் விடியாததும் ஞாயிற்றின் கையில் மட்டும் இல்லை.

நேற்று எழுந்து புறப்படும்போது ஆச்சி கேட்டது வேறொரு கேள்வி.

“நாளைக்கும் வருவீகள்ல தம்பி?”

அதற்கு எனக்கு விடை தெரிந்திருந்தது.